கணினி கொடுத்தால் போதாது, எழுத்தையும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேப், டேப்லெட் என்று அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை பள்ளி, எத்தனை கோடி என்ற கணக்கோடு செய்தி முடிந்துவிடும். திரையில் தெரிகிற பாடத்தைக் கண்ணால் பார்க்க முடியாத பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வியை அந்தச் செய்திகளில் நான் பார்த்ததில்லை. நான் கல்வியாளன் இல்லை. சிவகாசியில் டிடிபி வேலை பார்ப்பவன். பேஜ்மேக்கர் காலத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், பள்ளிக்கூடக் கைடு என்று எல்லாம் அடித்தாயிற்று. தமிழ் எழுத்து கணினிக்குள் போய் என்ன பாடுபடுகிறது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

என் அக்கா பேத்தி அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு இருப்பது ரெடினைடிஸ் பிக்மென்டோசா என்ற கண் நோய். முதலில் மாலைக்கண் மாதிரி ஆரம்பித்தது. அப்புறம் பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது நேர் எதிரே ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரிகிறது. நல்ல வெளிச்சத்தில் பெரிய எழுத்தை மெதுவாகப் படிப்பாள். பொழுது சாய்ந்தால் புத்தகம் அவளுக்கு இல்லை. அம்மா பயராபீஸ் (பட்டாசு ஆலை) வேலை முடித்து வந்து அடுப்படியைப் பார்ப்பாளா, உட்கார்ந்து சமூக அறிவியல் வாசித்துக் காட்டுவாளா?

வழியை அவளே கண்டுபிடித்தாள். எந்த ஆண்ட்ராய்டு போனிலும் டாக்பேக் என்று ஒன்று இருக்கிறது. திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும். தமிழ்க் குரலும் உண்டு. காசு கிடையாது. வாட்ஸாப்பில் வரும் செய்தி, செய்தித் தளங்கள், விக்கிப்பீடியா எல்லாம் அவளுக்கு அப்படித்தான் போகிறது. நாம் கேட்டால் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாள். ஆனால் வகுப்புக் குழுவில் வந்த பாட பிடிஎஃப்பைத் திறந்தபோது அதே போன் உளற ஆரம்பித்துவிட்டது. “தாத்தா, இது என்ன பாஷை?” என்று என்னிடம் கொண்டுவந்தாள். எழுத்து எழுத்தாக வாசிக்க வைத்துக் கேட்டேன். ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்றது.

எங்கள் தொழிலில் இருக்கும் யாருக்கும் இது உடனே புரியும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடிக்க அழுத்த வேண்டிய விசைகள் அவை. ‘அம்மா’ என்றால் எம், கே, செமிகோலன், கே, எச். பாமினி மாதிரிப் பழைய தமிழ் ஃபான்ட்கள் இந்தத் தந்திரத்தில் வேலை செய்தவைதான். கணினிக்குத் தமிழ் தெரியாத காலத்தில், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்தார்கள். கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அச்சடித்துத் தாளில் பார்க்கும் வரை யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. குரலில் வாசிக்கும் மென்பொருள் படத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே சேமித்திருப்பதைத்தான் படிக்கிறது. அதனால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது ஜே, கே, பி, ஓ.

ஒரு ஃபான்ட் மாதிரி இன்னொரு ஃபான்ட் இருக்காது என்பது அடுத்த கொடுமை. பாமினிக்கு ஒரு கணக்கு, வானவில்லுக்கு வேறொரு கணக்கு, டாம், டாப், டிஸ்கி என்று ஆளுக்கொரு வழி. எந்தக் கோப்பு எந்த ஃபான்ட்டில் அடித்தது என்று தெரியாவிட்டால் எங்களுக்கே தலை சுற்றும். இதையெல்லாம் தீர்க்கத்தான், உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தனி எண் கொடுக்கும் யூனிகோட் வந்தது. அதில் தமிழுக்கு 1991-லேயே இடம் கொடுத்துவிட்டார்கள். தமிழக அரசும் 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடையும் கூடவே தமிழுக்கென்று அமைத்த டேஸ் 16 என்ற முறையையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. அந்த ஆணை வந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள் பள்ளிப் படிப்பையே முடிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அச்சுத் தொழிலில் இன்னும் பழைய ஃபான்ட்தான் பாதி ஓடுகிறது. காரணம் ஒன்றும் மர்மமில்லை. பழகிய கை, பழைய மென்பொருள், அழகான பழைய எழுத்துருக்கள், ‘நாளைக்கே வேணும்’ என்று நிற்கிற வாடிக்கையாளர்.

யூனிகோடில் அடித்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. பிடிஎஃப் என்பது அடிப்படையில் அச்சுக்காரனின் தோழன். எந்தக் கணினியில் திறந்தாலும், எதில் அச்சடித்தாலும் பக்கம் அப்படியே வர வேண்டும் என்பதற்காக வந்தது அது. நாம் தனியாகக் குறித்துக் கொடுக்காவிட்டால், எழுத்தை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்ற கவலை அதற்குக் கிடையாது. தமிழில் இது பெரிய சிக்கல். ‘கொடி’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது. யூனிகோடில் முதலில் ககரம், அப்புறம் ஒகரக் குறி என்றுதான் சேமிக்க வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை எடுத்தால் பல நேரம் கண்ணில் பட்ட வரிசையிலேயே கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாக வந்து விழும். குரல் அந்த இடத்தில் திக்கும்.

அப்புறம் கட்டங்கள். இப்போதைய பாடப்புத்தகங்கள் பார்க்க அழகாக இருக்கின்றன, அதை மனசாரச் சொல்கிறேன். ஆனால் பக்கத்தில் ‘தெரிந்து தெளிவோம்’ என்று ஒரு கட்டம், ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று இன்னொரு கட்டம், ஓரத்தில் ஒரு படம், அடியில் ஒரு செயல்பாடு. கண் அதையெல்லாம் தாண்டிப் போய் விட்ட வரியைப் பிடித்துக்கொள்ளும். குரலுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பாடத்தின் வாக்கியம் பாதியில் நிற்க, கட்டத்துக்குள் நுழைந்து ஏதோ ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, மீதி வாக்கியத்தை நாலு வரி தள்ளி ஆரம்பிக்கிறது. படம் வந்தால் மௌனம். கணக்குப் புத்தகத்தில் சூத்திரத்தைப் படமாக ஒட்டியிருந்தால் அங்கும் மௌனம். ‘கீழ்க்கண்ட படத்தைப் பார்த்து விடை எழுதுக’ என்பதை மட்டும் தெளிவாக வாசிக்கும்!

இதெல்லாம் பார்வையில்லாத பிள்ளைகளின் பிரச்சினை என்று ஒதுக்க நினைப்பவர்கள், காலாண்டு, அரையாண்டு சமயத்தில் எங்கள் மாதிரி ஒரு கடையில் வந்து உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர்கள் வினாத்தாள் அடிக்க வருவார்கள். புத்தகத்தில் இருக்கிற அதே பத்தி, அதே செய்யுள். பிடிஎஃப்பும் அவர்கள் போனிலேயே இருக்கும். அதிலிருந்து எடுத்து ஒட்டினால் குப்பையாக வருகிறது என்பதால் மறுபடி முதலிலிருந்து அடிக்கச் சொல்வார்கள். எங்களுக்கு அது வருமானம், சரி. ஆனால் ஒரே பாட்டைப் பக்கத்து ஊர்க் கடையிலும் அதே நேரத்தில் ஒருவர் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார். எழுத்து எழுத்தாக வெளியே வந்தால் அந்த ஆசிரியர் தேட முடியும், எடுக்க முடியும், மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்குப் பெரிய எழுத்தில் ஒரு தாள் தயார் செய்து கொடுக்க முடியும்.

ஆண்ட்ராய்டிலேயே ‘செலக்ட் டு ஸ்பீக்’ என்று ஒரு வசதி இருக்கிறது. தொட்ட பத்தியை வாசிக்கும். எந்தச் சொல்லை வாசிக்கிறதோ அதைத் திரையில் பளிச்சென்று காட்டிக்கொண்டே போகும். எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய துணை! 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த வகைகளை 21 ஆக்கியபோது கற்றல் குறைபாட்டையும் அதில் சேர்த்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ‘படிக்க மாட்டேங்கிறான், சோம்பேறி’ என்ற பட்டம்தான் முதலில் கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளை, பிழைக்க வந்த வடமாநிலக் குடும்பத்தின் பிள்ளை, இவர்களும் தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வார்கள், படிக்கத் திணறுவார்கள். குரலில் வாசிக்கும் புத்தகம் இவர்கள் எல்லோருக்கும் வேண்டியதுதான். அதனால்தான் இதைச் சிறப்புப் பள்ளிகளின் சமாசாரமாக விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

கணினி லேப் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள், அதாவது திரைவாசிப்பான், என்றால் ஜாஸ்தான், அதன் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாதது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுத ஆரம்பித்தார். இன்று உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. தமிழை வாசிக்கும். அதை நிறுவக்கூட வேண்டாம், பென் டிரைவில் வைத்து அப்படியே ஓட்டலாம். விண்டோஸிலேயே நெரேட்டர் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேச ஆரம்பிக்கும். தமிழ்க் குரலைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அந்தக் குரலுக்கு வள்ளுவர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பேத்தி என்விடிஏவைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பள்ளி லேபுக்குப் போனாள். பென் டிரைவ் போட அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வைரஸ் வரும் என்ற பயம், அது நியாயம்தான். சரி, நிறுவித் தாருங்கள் என்று கேட்டால், நிறுவுவதற்கான பாஸ்வேர்டு லேப் பொறுப்பாளரிடம் இல்லை. வேறெங்கோ இருக்கிறதாம். அந்த ஆசிரியர் நல்ல மனிதர், தன் சொந்த ஹெட்போனைக் கூடக் கொடுத்தார். ஆனால் மற்ற பிள்ளைகள் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது இவள் பேசாத கணினியின் முன்னால் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு என்ன செய்வாள்? பள்ளிக் கணினிகளை நிறுவும்போதே, எல்லாக் கணினியிலும், திரைவாசிப்பானும் தமிழ்க் குரலும் சேர்ந்தே போக வேண்டும். ‘உங்கள் பள்ளியில் எத்தனை மாற்றுத்திறனாளி மாணவர்கள்?’ என்று கேட்டுவிட்டு அந்த எண்ணிக்கைக்கு மட்டும் போட்டால், ஜூனில் புதிதாகச் சேர்கிற பிள்ளைக்கு மறுபடி மனு எழுத வேண்டியிருக்கும்.

இது நடக்காத காரியம் இல்லை. கேரளத்தில் பள்ளிக் கணினிகளுக்கென்றே லினக்ஸில் ஓர் இயங்குதளம் தயாரித்துக் கொடுக்கிறார்கள், ஆர்கா என்ற திரைவாசிப்பான் அதிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், 2011-இல் நம் மாநிலத்தில் இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் சேர்த்தே வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது அது. அதிலும் ஆர்கா உண்டு. எங்கள் தெருவில் அந்த மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள் அதைத் திறந்ததும் செய்த முதல் வேலை பாஸை அழித்துவிட்டுப் படம் பார்க்க இடம் பிடித்ததுதான். உள்ளே ஒரு திரைவாசிப்பான் இருந்த விஷயம் எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும்?

குரல் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. காதால் மட்டுமே படிக்கும் பிள்ளைக்கு எழுத்து கைவிட்டுப் போகும். ‘அரம்’ என்பதும் ‘அறம்’ என்பதும் குரலில் ஒன்றுபோலத்தான் கேட்கும். தந்நகரமும் றன்னகரமும் அப்படித்தான். என் பேத்தி இப்போதே ‘கறை’ எழுத வேண்டிய இடத்தில் ‘கரை’ எழுதுகிறாள். திரைவாசிப்பானில் அம்புக்குறி விசையால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து கேட்டால் இன்ன எழுத்து என்று சொல்லும். அதற்கு அடியில் இருப்பது உண்மையான தமிழ் எழுத்தாக இருக்க வேண்டும். பிரெயிலுக்கும் இதே கதைதான். எங்கள் பக்கத்தில் பாளையங்கோட்டையில் 1890-லேயே அஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, தமிழுக்குப் பிரெயில் எழுத்து அமைத்துக் கற்றுக்கொடுத்தார். இன்று ஒரு யூனிகோட் கோப்பு இருந்தால் அதைப் பிரெயிலாக மாற்றுவது மென்பொருளின் வேலை. புள்ளிகள் மேலெழும்பித் தாழும் பிரெயில் திரையில் வரி வரியாகத் தடவிப் படிக்கலாம். பிரெயில் புத்தகமாக அச்சிட்டால் ஒரு பாடப்புத்தகம் பல தொகுதிகளாகப் பெருகும், தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது. பெரிய எழுத்து, பிரெயில், குரல் மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: சுத்தமான எழுத்துக் கோப்பு.

காது கேளாத பிள்ளைகளுக்கு வேண்டியது வேறு. 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது, போனில் காட்டினால் வீடியோவுக்குப் போகும். வீடியோவில் தமிழ் எழுத்து வரி இல்லாவிட்டால் அவர்களுக்கு அது வாயசைக்கிற ஆள்தான். சைகை மொழிக்கென்றே மத்திய அரசு 2024 டிசம்பரில் பி.எம். இ-வித்யா என்ற கல்வித் திட்டத்தில் 31-ஆவது தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கியிருக்கிறது. தமிழ்ப் பாடத்திட்டத்துக்கும் அந்த அளவில் வர வேண்டும். எனக்கு அதிகம் தெரியாத துறை என்பதால் இதோடு விடுகிறேன், தெரிந்தவர்கள் எழுதட்டும்.

சட்டம் குறுக்கே நிற்கிறதா என்றால் அதுவும் கிடையாது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு எந்த நூலையும் மாற்றிக்கொள்ளலாம் என்று வழிவிட்டார்கள். பார்வையற்றோருக்கான நூல்கள் பற்றிய மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா. 2016 சட்டத்தின் 17-ஆவது பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், உதவிக் கருவி எல்லாம் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. 42-ஆவது பிரிவு அச்சிலும் மின்னணு ஊடகத்திலும் வருவது எல்லாம் அணுகத்தக்க வடிவில் இருக்கச் செய்ய வேண்டும் என்கிறது. வங்கிக் கேஒய்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றே தீர்ப்பளித்துவிட்டது. வங்கிக் கணக்குக்குப் பொருந்துவது பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்குப் பொருந்தாதா?

‘பழைய கோப்பையெல்லாம் மாற்றுவது பெரிய வேலை’ என்பார்கள். ஆமாம், வேலைதான். செய்கிறவன் சொல்கிறேன். கன்வெர்ட்டரில் போட்டால் ஒரு நொடியில் மாறும், ஆனால் நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். பொருளியல் பாடத்தில் ஏடிஎம் என்று ஆங்கிலத்தில் இருந்தது பாமினிக் கணக்கில் ‘யுவுஆ’ என்று வந்து நிற்கும். உயிரியலில் டிஎன்ஏ என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். தலைப்பைத் தலைப்பு என்று குறிக்க வேண்டும். கட்டங்களைப் பத்தி முடிந்தபின் வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் பாடம் தெரிந்த ஆசிரியர் இரண்டு வரி விளக்கம் எழுத வேண்டும், ‘படம் 4.2’ என்று எழுதினால் அது விளக்கம் ஆகாது. ஆனால் இந்த வேலையைப் புத்தகத்துக்கு ஒரு முறை செய்தால் மாநிலம் முழுக்கப் போதும். இப்போது எங்கெங்கோ தாயும் தகப்பனும், கல்லூரித் தன்னார்வலர்களும், என் மாதிரி ஆட்களும் ஒரே புத்தகத்தைத் தனித்தனியாக ஸ்கேன் செய்து, தட்டச்சு செய்து, குரலில் பதிவு செய்து மாய்ந்துகொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது இதுதான். இனி எந்தப் பாடப்புத்தகத்துக்குப் பக்க வடிவமைப்பு ஒப்பந்தம் போட்டாலும், அச்சுக் கோப்போடு சேர்த்து யூனிகோடில் ஈபப் (மின்னூல் வடிவம்) கோப்பும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். ஈபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கிக்கொள்ளும், பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டியதில்லை. குறைந்த பார்வை உள்ளவர்களுக்கு அந்த ஒரு வசதியே பாதி நிம்மதி. அந்தக் கோப்பைத் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவர் கேட்டுப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில் பாஸாக வேண்டும். எங்களுக்கு அச்சுக்கு முன் மெய்ப்புப் பார்க்காமல் பணம் தர மாட்டார்கள். இதற்கும் அதே வழக்கம் இருக்கட்டும். அரசுப் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள், மெய்ப்புப் பார்க்க அவர்களைவிடத் தகுதியான ஆள் யார்? புத்தகம் பள்ளிக்கு வருகிற அதே நாளில் கோப்பும் இணையத்தில் வர வேண்டும். மற்றவர்கள் இரண்டாவது பாடத்துக்குப் போன பிறகு வருகிற கோப்பால் பயனில்லை.

கைடு போடுகிறவர்கள் எழுத்தை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். கைடு அடிக்கிறவன் நான். எங்களுக்கு ஆள் இருக்கிறது, பார்த்துத் திரும்ப அடித்துக்கொள்வோம். பூட்டிவைத்தால் வெளியே நிற்கப் போவது அந்தப் பிள்ளைகள் மட்டும்தான்.

தேர்வைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்வதை எழுத ஆள் தருகிறார்கள், கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு, நல்ல ஏற்பாடு. ஆனால் எழுத வருகிறவருக்குக் கணக்கோ அறிவியலோ பிடிபடாவிட்டால் மதிப்பெண் போவது சொல்கிறவளுக்கு. விரும்பினால் கணினியில் எழுதலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2013-லேயே சொல்லிவிட்டது, சிபிஎஸ்இ 2018-இல் அனுமதித்தது. நம் பிள்ளைகளும் அதற்குத் தயாராக வேண்டுமென்றால் ஆறாம் வகுப்பிலேயே தமிழ்த் தட்டச்சு கற்றுத்தர வேண்டும். பேத்திக்கு நான் தமிழ் 99 என்ற விசைப்பலகை முறையைச் சொல்லிக்கொடுத்தேன். எந்த விசைப்பலகையிலும் எஃப், ஜே என்ற இரண்டு விசைகளில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு சின்ன மேடு இருக்கும். தமிழ் 99-இல் எஃப்பில் இருப்பது புள்ளி, ஜேயில் பகரம். இடது கைப் பக்கம் பெரும்பாலும் உயிர், வலது கைப் பக்கம் மெய். திரையைப் பார்க்கவே தேவையில்லை. எங்கள் கடையில் கண் நன்றாகத் தெரிகிற பையன்கள் கீழே குனிந்து விசையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவள் நிமிர்ந்து உட்கார்ந்து அடிக்கிறாள். இந்தக் கடிதத்தின் கடைசிப் பகுதியை நான் சொல்லச் சொல்ல அவள்தான் அடித்தாள். றகர, ரகரம் இரண்டு இடத்தில் மாறியிருந்தது, திருத்திவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். உங்கள் இ-பேப்பரில் பக்கங்கள் படமாகத்தான் வருகின்றன. கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் இணையதளத்திலும் எழுத்தாகப் போடுங்கள். சுருக்கிப் போட்டாலும் பரவாயில்லை, சட்டப் பிரிவுகளையும் அந்த ஒப்பந்த வரியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி தொழிலாளி,
சிவகாசி.